துணைச் சாரதியின் பெயர்

எங்கள் கமுதிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் வண்டிக்கு இரண்டு பேர். சாரதி உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பார். துணைச் சாரதி கூடவே ஓடி மாடுகளை விரட்ட வேண்டும்; மூச்சு முட்டினால் வண்டியில் தொற்றிக்கொள்ளலாம். என் அக்காள் கணவர்தான் சாரதி. ஓடுகிறவன் நான். ஜெயித்தால் ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். அதில் மாடுகள் இருக்கும், மச்சான் இருப்பார், வாழ்த்துவோர் வரிசையில் பால்குடி மறக்காத பிள்ளைகள்கூட இருக்கும். என் பெயர் மட்டும் இருக்காது. கேட்டால், "எடம் பத்தல மாப்ள" என்பார். எனக்கு அது தீராத வயிற்றெரிச்சல்.

போன மாதம் ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். போகிற வழியில் ஒரு மியூசியத்தின் வாசலில், பந்தயக் கார்களின் வரலாறு பற்றிய கண்காட்சி என்று போர்டு. "பந்தயம்னா நம்ம பாக்காமப் போலாமா?" என்று மச்சான் உள்ளே நுழைந்துவிட்டார்.

முதலில் நின்றது பழங்காலத்துக் கார். அதில் இரண்டு சீட். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, ஓடும்போதே வண்டியைக் கவனித்துக்கொள்வாராம். சுற்றிக்காட்டிய பெண் சொன்னாள்.

"அவரு பேரு என்னம்மா?" என்றேன்.

போர்டைப் பார்த்துவிட்டு, "ஓட்டுனவரு பேருதாண்ணே போட்டிருக்கு" என்றாள்.

மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த கார்களில் ஒரே சீட்தான். "பாத்தியா மாப்ள, உலகமே திருந்திருச்சு" என்றார்.

கடைசி அறையில் ஒரு பெரிய திரை, அதன் முன்னால் சீட்டும் ஸ்டீயரிங்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். மச்சான் பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். திரையில் ரோடு ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக இவரை முந்தின. அவ்வளவுதான், என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். சீட் இருந்த இடத்திலேயே இருக்க, நான் மட்டும் சுவர் வரைக்கும் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடினேன். "ஹேய்! ஹேய்! விடாத மச்சான், வலத்தப் பிடி!" என்று கத்தியபடி சீட்டின் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். தடுக்க வந்த செக்யூரிட்டியை எதிர் வண்டிக்காரன் என்று நினைத்து முழங்கையால் ஒதுக்கிவிட்டேன்.

மச்சானுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

"ஸ்கிரீன்ல போடணும், பேரு சொல்லுங்கண்ணே" என்றாள் அந்தப் பெண்.

மச்சான் நிதானமாக இறங்கி வேட்டியை உதறினார். "ஒரு பேருக்குத்தான் எடமாம்மா?"

"ஆமாண்ணே."

"அப்ப இவன் பேரப் போடு. இம்புட்டு நேரம் ஓடுனது இவன்தான."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் திரையில் என் பெயர் வந்துவிட்டது. பெரிய எழுத்தில், பக்கத்தில் மாடோ மச்சானோ இல்லாமல், தனியாக. கல்யாணத்துக்கு நேரமாச்சு என்று மச்சான் வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

"கொஞ்ச நேரம் அழிச்சிராதம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, செல்போனை எடுத்தேன்.