இரண்டாவது மாதிரி

பஸ்ஸில் ஏறியதும் சின்னப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறார். கீழே வைத்தால் என்ஜின் சூடு ஏறும். மேலே கம்பித் தட்டில் வைத்தால் வளைவில் விழும். அதனால் மடி. இரண்டு கைகளும் மூடியின் மேல் இருக்கும். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் அவர் ஒன்றும் கெஞ்சுவதில்லை. பெட்டி யாருடைய முழங்காலில் இடிக்கிறதோ அவரிடம் குனிந்து, உள்ளே இருப்பது என்ன என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்வார். அடுத்த நிறுத்தத்துக்குள் இடம் கிடைத்துவிடும்.

"நான் பொய் சொல்லலையே," என்பார். "பசங்க கக்கா. அதுவும் ஐஸ்ல வெச்சது."

அல்சூர்ப் பக்கம் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் அவர் அட்டெண்டர். வயது ஐம்பத்திரண்டு. வீடு விவேக் நகரில். மூன்று வருடங்களாக அவருக்கு இந்தக் கூடுதல் வேலை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டுபோனால், காரணம் எதுவானாலும், டாக்டர்கள் தகவல் சொல்லியாக வேண்டும். அது போலியோவா இல்லையா என்று பிள்ளையின் மலத்தைச் சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். கால் துவண்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு முழு நாள். ஒவ்வொன்றும் பெரிய ஆளின் கட்டைவிரல் அளவு. பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சேர்ப்பவர் சின்னப்பா.

சொட்டு மருந்து போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனை வாசலில் பந்தல் போடுவார்கள். பெரிய மனிதர்கள் வந்து ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சின்னப்பாவின் வேலையைப் படம் எடுக்க இதுவரை யாரும் வந்ததில்லை. அவருக்கு அதில் குறையும் இல்லை.

"வாய்ப்பக்கம் ஆயிரம் பேரு நிக்கறாங்க. இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான்."

அவருடைய நகங்கள் எப்போதும் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சொந்த சோப்பு. எந்த வீட்டிலும் காபி கொடுத்தால் குடிப்பார். ஆனால் அதற்கு முன் வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி, குழாயடியில் நின்று முழங்கை வரை கழுவுவார். அவர்கள் திருப்திக்காக ஒரு முறை, தன் திருப்திக்காக இன்னொரு முறை. பெட்டி மாலையில் எப்போதும் காலிதான். இருந்தாலும் யூனிஸ் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. யூனிஸ் அவர் மனைவி. பிரேசர் டவுனில் பிறந்தவள், அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உள்ளவள்.

"ஆஸ்பத்திரியில உத்தியோகம்னுதான் எங்க அப்பாகிட்ட சொன்னாங்க," என்பாள் வந்தவர்களிடம். "என்ன உத்தியோகம்னு அவரும் கேக்கல."

வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். கால் துவண்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சின்னப்பா போனதும் விஷயத்துக்கு வருவதில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மேல் வீட்டுக்காரர் எப்படி என்று கேட்பார். பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். உணவு விஷயத்தில் அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. ஏலக்கி வாழைப்பழம் பிரயோஜனமில்லை, பச்சை நாடன்தான் வேண்டும். திராட்சை ஊறிய தண்ணீர் நல்லது. பிஸ்கட் எதிரி. "விளையாடிக்கினே இருக்கற புள்ள, நிறுத்திட்டு ஒரு மூலையையே பாத்துதுன்னா, அஞ்சு நிமிஷம்," என்பார். அந்த ஐந்து நிமிடம் தவறியதாக நான் கேள்விப்படவில்லை.

பிரேசர் டவுனில் ஒரு பெரிய வீட்டில் மாதிரியைத் தட்டில் வைத்து, மேலே பின்னல் துணி மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவர்கள். இதைக் கூரியரில் அனுப்பக் கூடாதா என்று கேட்டார்கள். "தாராளமா அனுப்பலாம் சார். அனுப்புனர்னு யாரு பேரு போடட்டும்?" என்று இவர் கேட்டிருக்கிறார். அதோடு அவர்கள் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

இரண்டு மாதிரிகளும் நேரத்துக்குச் சேர்ந்தால்தான் ஆய்வுக்கூடத்தின் பதில் உறுதியாக இருக்கும். ஒன்று தவறினாலும் அந்தப் பிள்ளை கடைசி வரை ஒரு கேள்விக்குறி. சின்னப்பா கையில் அப்படி ஒரு பிள்ளை மட்டும் தவறிப்போவதாக இருந்தது. அது 2001 பிப்ரவரியில்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் அசோகன், சரசு தம்பதியின் வீடு. ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர். அசோகன் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். அவர்களுடைய ஒரே பெண் சங்கமித்ராவுக்கு இரண்டரை வயது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் குழந்தை கட்டிலிலிருந்து இறங்கியபோது இடது கால் மடங்கியது. சுளுக்கு என்று நினைத்து ஒரு வாரத்துக்கு மேல் கட்டு போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது கால் துவண்டு பத்து நாள் போய்விட்டது. டாக்டர் கிருத்திகா காலைத் தூக்கிப் பார்த்தார். அது எங்கே வைத்தாரோ அங்கே கிடந்தது. சின்னப்பாவைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் முதல் மாதிரி கிடைத்தது. பதின்மூன்றாம் நாள் சின்னப்பா போனபோது சரசு மாதிரி டப்பாவைத் தயாராக மூடி, துடைத்து, கதவருகே வைத்திருந்தாள். அவர் அளவு பார்க்கத் திறந்தார். ரோஜாப்பூ வாசனை வந்தது.

"இன்னாமா இது?"

"நாத்தம் அடிக்குமேன்னு மேல கொஞ்சம் பவுடர் போட்டேண்ணா," என்றாள் சரசு. "நீங்க வேற பஸ்ல மடியில வெச்சிக்கினு போறீங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. மூடியை மூடிவிட்டு, முனைக்கடையிலிருந்து டாக்டருக்கு போன் செய்தார். பவுடர் கலந்ததை எடுத்துக்கொள்ள முடியாது, நாளைக்குள் வேறு வேண்டும் என்றார் டாக்டர். நாளை பதினான்காம் நாள்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது, மூன்று வருடத்தில் தன்னை ஒரு மனுஷனாக நினைத்து யாரும் இப்படி ஒன்று செய்ததில்லை என்றார். செய்தவள்தான் காரியத்தைக் கெடுத்தாள் என்றும் சொன்னார்.

மறுநாள் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். பச்சை நாடன் கொடுத்தாயிற்று. திராட்சைத் தண்ணீர் கொடுத்தாயிற்று. குழந்தைக்கோ இந்த மூன்று நாட்களில் சின்னப்பாவைக் கண்டாலே ஆகாமல் போயிருந்தது. இந்த ஆள் வந்தால் தன்னைத் தூக்கி, மலம் பிடிக்க வைத்த கிண்ணத்தில் உட்காரவைப்பார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. அவர் முதுகைக் காட்டினாலும் நம்பவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு இருந்தது. பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்த அசோகன், இவ்வளவு பெரிய சர்க்காருக்கு இதற்கு ஒரு மிஷின் இல்லையா என்று கேட்டான். இருக்கிறது, அதற்கு இப்போது பசிக்கிறது என்றார் சின்னப்பா.

அப்போதுதான் சரசு சொன்னாள். ஜனவரி ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து போடவில்லை. டாக்டரம்மா கேட்டபோது எல்லாத் தடவையும் போட்டதாகச் சொல்லியிருந்தாள். அன்று தங்கவயலில் அண்ணன் வீட்டு விசேஷம். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பிளாட்பாரத்திலேயே ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"ட்ரெயின் எடுத்துடுவான்னு ஓடிட்டேண்ணா. அந்தப் பொண்ணு பின்னாடியே வந்து கூப்டா. ரெண்டு சொட்டுதான் அக்கா, ரெண்டு சொட்டுதான்னா."

அசோகன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது புதிய செய்தி. மறுபடி சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது என்று சின்னப்பா சொன்னார்.

"இத டாக்டர்ட்ட சொல்லியாகணும்," என்றார் அவளிடம். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீங்களே சொல்லிடுங்கண்ணா."

"சொல்றேன். ஆனா கால் வுழுந்ததெல்லாம் போலியோ இல்லமா. அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்த டப்பாவே. நீயா ஒண்ணு முடிவு பண்ணிக்கினு அழாத."

அவள் அழுகையை நிறுத்தவில்லை. அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. தான் இங்கே இருக்கும்வரை எதுவும் நடக்காது என்று சின்னப்பாவுக்கு விளங்கிற்று. பெட்டியை எடுத்துக்கொண்டு, குழந்தைக்குக் கேட்கும்படி போய்வருகிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, சந்து முனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். இவ்வளவு தெரிந்த மனிதருக்கு, வேலையின் கடைசிப் பகுதி எழுந்து போவது என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு அசோகன் ஓடி வந்தான். பெயின்ட் ஒட்டிய இரண்டு கைகளிலும் டப்பாவை ஏந்திக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் முழங்கைகளை அகட்டிக்கொண்டு வந்தான். என்ன ஸ்வீட்டா என்று டீக்கடைக்காரர் கேட்டார். சின்னப்பா திறந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து அளந்தார். அன்று மட்டும் ஆட்டோவில் போனார். ஆட்டோவிலும் பெட்டி மடியில்தான்.

ஜனவரி விஷயத்தை அன்று மாலையே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். முதல் வேலையாக அந்தச் சந்திலும் சுற்றிலும் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து போட ஆள் அனுப்பினார். சங்கமித்ராவுக்கும் போட்டார்கள். அவள் வாயை நன்றாகவே திறந்தாளாம். அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

பதில் வர நான்கு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மாதிரிகளிலும் போலியோ கிருமி இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு நரம்புகளில் வரும் வேறு ஒரு கோளாறாக இருக்கும், பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், காலம் பிடிக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போய்ச் சொல்வது சின்னப்பாவின் வேலை இல்லை. போனார். பெட்டி இல்லாமல் போனதே அது முதல் தடவை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சரசு முழுவதையும் கேட்டாள். பிறகு, அப்படியானால் நடப்பாளா என்று கேட்டாள். கால் துவண்ட நாளிலிருந்து அறுபதாவது நாள் டாக்டர் வந்து காலைப் பார்ப்பார், அன்றைக்குத் தெரியும் என்றார்.

அறுபதாவது நாள் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வந்தது. டாக்டர் கிருத்திகா முன்னால் ஸ்கூட்டரில் போய்விட்டார். சின்னப்பா பஸ்ஸில். சரசு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் சங்கமித்ரா. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நேற்றுக்கூட நடந்தாள் என்று சரசு சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை இறங்கவில்லை. டாக்டர் பொம்மையைத் தரையில் வைத்துப் பார்த்தார். சாக்லெட்டை நீட்டிப் பார்த்தார். அசோகன் நாலடி தள்ளி உட்கார்ந்து, வா என்று இரண்டு கைகளையும் விரித்தான். குழந்தை இரண்டு கால்களையும் அம்மாவின் புடவைக்குள் மடக்கிக்கொண்டது. டாக்டர் கையிலிருந்த படிவத்தில் நடக்கிறாளா என்று கேட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது.

சின்னப்பா சந்துக்குள் திரும்பினார்.

குழந்தை அவரைப் பார்த்தது. ஒரு நொடி அசையாமல் பார்த்தது. பிறகு அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, படியைத் தாண்டி, எதிர்ப்பக்கமாக ஓடியது. சுவரைப் பிடிக்கவில்லை. குழாயடியைத் தாண்டி, கவிழ்த்து வைத்திருந்த குடங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. டாக்டர் எழுந்து நின்று பாதங்களை மட்டும் பார்த்தார். இடது கால் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்தது. சந்தின் கடைசி வீட்டு வாசலில் குழந்தை நின்று, மூச்சு வாங்க, அந்த ஆள் போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்தது.

சரசு வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சின்னப்பா சிரிக்கவில்லை. முகத்தை எவ்வளவு கடுமையாக்க முடியுமோ அவ்வளவு கடுமையாக்கிக்கொண்டு, குழந்தையைப் பார்த்து இன்னும் ஓரடி எடுத்து வைத்தார்.