றோசலின் அக்காவின் பங்கு

நெடுந்தீவிலிருந்து வந்த படகைக் குறிகட்டுவானில் கட்டுமுன்னே கைப்பேசி அடித்தது. "அக்கா விடிய மோசம் போயிட்டா," என்றார் றோசலின் அக்காவின் தம்பி. ஊர்காவற்றுறைக்கு அவரை உயிரோடு பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். அவருக்குரிய சிறு போத்தல் ஒன்று என் பையில் இருந்தது. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? தென்துருவக் கடலின் நடு ஆழத்தில் என்னென்ன வாழ்கின்றன, எது எதைத் தின்கிறது என்று ஆராயும் கப்பலில் அவர் விஞ்ஞானி. நான் ஒலியலைக் கருவியைப் பார்ப்பவன். தமிழ் பேச நாங்கள் இருவர்தான். மீன்களின் இரைப்பையைக் கீறிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய், கறியில் உறைப்பில்லை என்று சண்டை பிடிப்பார்.

அவருடைய ஊரில், நோயால் கடலுக்குப் போகாத வருத்தக்காரர் வீட்டுக்கும் மீனில் பங்கு போகும். கப்பலில் யாராவது காய்ச்சலில் படுத்தால், அன்று வலையில் வந்த ஓர் உயிரைப் போத்தலில் இட்டுக் கட்டிலடியில் கொண்டுபோய்க் காட்டுவார். எனக்கும் காட்டியிருக்கிறார். "நீர் வராட்டிலும் உம்மட பங்கு வரும்," என்றார்.

எங்கள் வலை குறித்த ஆழத்தில் திறந்து, அங்கேயே மூட வேண்டியது. ஒரு பயணத்தின் கடைசி இழுப்பில் அது மூடாமலே மேலே வந்தது. வலை நிறைய மீன். பனிக்கட்டி நெருங்கியதால் மறுபடி இறக்கவும் வழியில்லை. வந்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள்.

"எந்த ஆழத்து மீன் எண்டு தெரியாமல் எழுதேலாது. வெறுமையா இருக்கட்டும்," என்றார் அக்கா.

பல வருடமாக அவர் வரைந்துவந்த உணவுவலைப் படத்தில் அந்த ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. அது அவரை உள்ளுக்குள் தின்றது.

அடுத்த பயணத்துக்கு அவரால் வர முடியவில்லை. புற்றுநோய். அவரில்லாமல் அதே இடத்தில் வலை இறக்கினோம். கரை திரும்பியதும் தொலைபேசியில் அழைத்தேன். நான் சுகம் விசாரிக்குமுன்னே அவர் கேட்டார்: "மூடிச்சுதோ?"

"ஓம் அக்கா, சரியா மூடிச்சுது."

"என்ர பங்கை எடுத்து வைச்சனீரோ?" என்றார்.

"வைச்சனான். கொண்டு வாறன்."

செத்த வீட்டில் அந்தப் போத்தலை அவருடைய அம்மாவிடம் நீட்டினேன். உள்ளே விரல் நீளச் சிறுமீன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வருத்தக்காரருக்குத்தானே பங்கு, மோனை. இனி அவளுக்கு ஒரு நோவுமில்லை. நீயே வைச்சிரு."

வைத்திருக்கிறேன். எந்த ஆழத்தில் பிடிபட்டதென்று அதன்மேல் எழுதியிருக்கிறது.