ஒட்டுப்பால் வாடை

ஜார்ஜ்டவுன் ஆபீஸில் லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ டுரியான் பழம் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கும் அந்த வாடை அடித்தது. இருந்தும் என் கை தானாகச் சட்டைக் காலரை இழுத்து மூக்கருகே கொண்டுபோனது.

அம்மா நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். கோப்பையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மூட்டை கட்டித் தோளில் சுமந்து வருவாள். அந்த அழுகல் நாற்றம் வீட்டுச் சுவர்வரை ஏறியிருந்தது. டவுன் பள்ளியில் என் பெயரே ஒட்டுப்பால்தான். பதில் சொல்ல நான் எழுந்தால் வகுப்பே மூக்கைப் பிடிக்கும். டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்.

அம்மா எலுமிச்சை போட்டு ஊறவைத்து என் யூனிஃபாரத்தைத் துவைப்பாள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது, ஆணியில் தொங்கும் அதை முகர்ந்து பார்ப்பாள்.

"ஒண்ணும் வரலம்மா. வாசமாத்தான் இருக்கு, போட்டுக்க."

ஒட்டுப்பாலிலேயே கிடந்த மூக்கு அது. அதை எப்படி நம்புவது? பிறகு கல்யாணமாகி, வாடையே இல்லை என்று என் புருஷன் சொல்லியும் நான் நம்பவில்லை.

"டுரியான்தான் லா அக்கா, ஏறுங்க," என்றாள் லிஃப்டுக்குள் நின்ற பிரியா. மேலே சூப்பர்வைசர் வேலைக்கு இண்டர்வியூ. எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான்.

"நீ போம்மா. நான் அடுத்ததுல வரேன்."

அடுத்த லிஃப்ட் காலியாக வந்தது. டுரியான் வாடைகூட இல்லை. நான் வெளியிலேயே நின்று காலரை மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். கதவு கொஞ்ச நேரம் எனக்காகத் திறந்திருந்துவிட்டு மூடிக்கொண்டது.