செங்கல் பாலத்துக் கைப்பிடிச் சுவர்

வெயில் தாழ்ந்த பிறகும் அந்தச் செங்கல் சுவரில் சூடு இருக்கும். உட்கார்ந்தால் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தது போல...

ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கால்வாய்ப் பாலத்தைச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அம்மா வேலை செய்யும் ஷூ கம்பெனியின் வேன் தெருவுக்குள் வராது. பாலத்தில்தான் ஏற்றும், இறக்கும்.

நாள் முழுக்க நின்றபடியே பசை தடவும் வேலை. வேனை விட்டு இறங்கியதும் அம்மாவும் கூட வேலை செய்யும் நூர்ஜஹான் அக்காவும் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்தால் மறுபடி அடுப்படியில் நிற்க வேண்டும். அதனால் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருப்பார்கள். நான் கூப்பிடப் போவேன்.

"இன்னாடா, பசியா? உங்கப்பன அடுப்பு பத்த வைக்கச் சொல்லு, போ!"

அக்கா விரட்டுவார். அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கீழே தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவு ஓடும். ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. அந்த நாற்றத்திலும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நாற்காலி அது.

போன வருஷம் பாலம் திடீரென்று பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. செங்கல்லின் மேல் செங்கல் கலரிலேயே பெயின்ட் அடித்து, வெள்ளைக் கோடு போட்டு, செங்கல் மாதிரி வரைந்தார்கள்! கழிவு கண்ணில் படாதிருக்கக் கரை நெடுகத் தகரம் அடைத்தார்கள். கழிவை யாரும் நிறுத்தவில்லை. சுவர் மேல் மட்டும், ஆள் உட்காராதபடி, கூர்க்கம்பி பதித்தார்கள்.

"சார், நாங்க எங்க உக்கார்றது?" வேலையைப் பார்க்க வந்த அதிகாரியிடம் அம்மா கேட்டாள்.

"பழைய கட்டடம்மா. உக்காந்தா தேஞ்சிடும்."

"எங்க முட்டி தேஞ்சிச்சே, அதுக்கும் பெயின்ட் அடிப்பீங்களா?" என்றார் அக்கா.

அதிகாரி போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது இருவரும் பாலத்தின் ஓரம் மண்ணில் உட்காருகிறார்கள். லாரி போனால் முகமெல்லாம் புழுதி. நேற்று கேமராவோடு வந்த ஒருவன் அம்மாவிடம், "ஆயா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. போட்டோல விழுறீங்க" என்றான்.

அம்மாவுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை.

நான் சண்டைக்குப் போவதற்குள், "வா நூரு, போலாம்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

முன்பு அந்தப் பாலம் அழுக்காக இருந்தது. இரண்டு பெண்கள் அதில் உட்கார்ந்து சிரித்தார்கள்...

நேற்றைய படம் நன்றாகத்தான் வந்திருக்கும். பளிச்சென்று பாலம் மட்டும். ஆளே இல்லாமல்.