பொட்டலத்திடம் சொல்லி அனுப்பியது

என் அக்காவுக்குப் பிடிவாதம் பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில் அவளுக்குப் பிடிக்காத பச்சை நிறத்தில் கவுன் வாங்கி வந்துவிட்டார்கள் என்று, அதைப் போட மாட்டேன் எனப் பள்ளிக்கூடத்துக்கே மட்டம் போட்டாள். அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். கடைசியில் கவுன் எனக்கு வந்தது. நான் கிழியும்வரை போட்டேன். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகள் ஈரமாக ஒரு பெரிய நீராவி உருளைக்குள் போகும். மறுபக்கம் சூடாக, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அக்கா அந்த மறுபக்கத்தில் நிற்பாள். ஒரு முனையை அவள் பிடிக்க, எதிர் முனையை இன்னொருத்தி பிடிக்க, இரண்டு பேரும் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து மடிப்பார்கள். இயந்திரம் போடும் சத்தத்தில் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் கண்ஜாடைதான். வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் வேலை பார்த்தவளுக்குப் பேசாமல் இருப்பது ஒரு கஷ்டமே இல்லை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுநர். விடியும் முன்னால் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்புவார். அவர் இருக்கைக்குப் பின்னால் ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையை அக்கா வீட்டுக்குள்ளேயும் மாட்டிவிட்டாள் என்று நான் கேலி செய்வதுண்டு. இப்போது அந்தக் கேலி எனக்கே பிடிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். ஒருநாள் கல்லூரியிலிருந்து வரும்போது ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு நாய்க்குட்டி. பெரிதாகாத ஜாதி, காது மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிசு.

“நானே குளிப்பாட்டறேன், நானே வெளிய கூட்டிட்டுப் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் இருக்காது” என்றாள்.

பெயர் ‘பொட்டலம்’ என்றே நிலைத்தது. அவளும் சொன்னபடி கொஞ்ச நாள் எல்லாம் செய்தாள். படிப்பு முடிந்ததும், தான் விரும்பினவனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்திலிருந்து ஒரு போன், அவ்வளவுதான். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு மாமா கூடத்தில் நின்றுகொண்டு, என் எதிரிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரிலும், “நீ வளத்த லட்சணம்” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா அடுப்பை அணைத்தாள். அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை. ஒரு வாரம் தாங்கும் என்று நினைத்தேன். எட்டு வருஷம் தாங்கியது.

முதலில் இரண்டு பேருமே நாயைத் தலைமுழுகத்தான் பார்த்தார்கள். அக்கா என் தலையில் கட்டப் பார்த்தாள். மாடியில் தனியாக இருக்கிறேன், எனக்குத் துணையாக இருக்குமாம். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். மாமா டிப்போ காவலாளியிடம் பேசி வைத்து, ஒரு சாயங்காலம் அதைக் கூட்டிக்கொண்டு போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் கக்கத்தில் நாயோடு திரும்பி வந்தார். “அங்க எலி ஜாஸ்தி” என்றார். யாரிடம் சொன்னார் என்றால், நாயிடம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுவாரம் சிலிண்டர் தீர்ந்தபோது அக்கா பொட்டலத்தைப் பார்த்து, “டேய், கேஸ் தீந்துபோச்சு. உங்கப்பாகிட்ட சொல்லு” என்றாள். உங்கப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தாளை இறக்காமலே, “நாளைக்கு வந்துரும்னு உங்கம்மாகிட்ட சொல்லுடா” என்றார். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

குழாய் ஒழுகுவது, மின்சார பில், மகள் போன் பண்ணியது, மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பது என்று எல்லாமே நாய் வழியாகத்தான் போயிற்று, வந்தது. “உங்கப்பாவை இனிப்பைத் தொட வேண்டாம்னு சொல்லு.” “உங்கம்மா கால் வீங்கியிருக்கு, கொஞ்சம் உக்காரச் சொல்லு.” கணவன் மனைவி நேராகப் பேசிக்கொள்ளும் வீடுகளில்கூட இவ்வளவு கரிசனத்தை நான் கேட்டதில்லை. அந்தச் சின்ன மிருகம் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் என்றைக்கோ சிதறியிருக்கும். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நாயையும் ஏனோதானோ என்று வளர்க்கவில்லை. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு மாமா அதை வெயில் தாழ நடத்திக்கொண்டு போவார். அக்கா கண்ணோரம் துடைத்து, காது சுத்தம் செய்து, நகம் வெட்டி, வேகவைத்த கோழியை எலும்பில்லாமல் பிய்த்துப் போடுவாள். உறவில் எந்தக் கல்யாணத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். “நாயை வச்சுக்கிட்டு எங்க வர்றது” என்பார்கள். சேர்ந்து போனால் வழியில் யாரிடம் பேசுவது என்பது இன்னொரு பிரச்சினை.

போன வருஷம் பொட்டலத்துக்கு இருமல் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. நாய் டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, நிதானமாகப் பேசினாள். இதயம் வீங்கியிருக்கிறது, குணமாகாது, மாத்திரை கொடுத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றாள்.

“இதுக்கு ஓனர் யாரு?” என்று கேட்டாள்.

“எங்க பொண்ணு” என்றாள் அக்கா. மாமா சுவரைப் பார்த்தார்.

“சரி, யாரோ ஒருத்தர் பொறுப்பா குடுங்க. காலையில ஒண்ணு. ரொம்பச் சின்ன உடம்பு, அளவு கூடிப்போச்சுன்னா இந்த மாத்திரையே விஷமாயிடும்.” சின்ன டப்பா ஒன்றில் உதிரியாக நிறையப் போட்டுக் கொடுத்தாள்.

மாத்திரை அக்காவின் பொறுப்பு என்று ஆயிற்று. வேலைக்குக் கிளம்பும் முன் முட்டையின் மஞ்சள்கருவில் பொதிந்து ஊட்டுவாள். சாயங்காலம் வந்ததும் மாமா காதில் விழும்படி, “காலையிலேயே மாத்திரை போட்டாச்சுல்லடா உனக்கு” என்பாள். மாமாவுக்கு நிம்மதி. நாயும் தேறியது. வாலை ஆட்டிக்கொண்டு வாசல்வரை ஓடும் அளவுக்குத் தேறியது.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அம்மா வந்து சில மாதம் கூட இருக்க வேண்டும் என்று அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் அம்மாவை எதற்கும் கூப்பிட்டதில்லை. அக்காவின் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்த்தேன். ஆனால் போனை வைத்ததும், “இவனை இப்படிப் போட்டுட்டு நான் எங்க போறது” என்றாள் என்னிடம்.

மாமா கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “உங்கம்மாவைப் போகச் சொல்லுடா. அவ இல்லாட்டி இங்க ஒண்ணும் முழுகிப்போயிடாது. உன்னை நான் பாத்துக்கறேன்” என்றார்.

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் அது புரிந்திருக்கும். நாயின் முதுகைப் பார்த்துச் சொன்னால் எப்படிப் புரியும்? அக்காவுக்கு அது ‘நீ தேவையில்லை’ என்று கேட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும்போது அவள் நாயிடம்கூடப் பேசுவதை நிறுத்தினாள். இருந்த ஒரே ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

சாயங்கால மாத்திரைச் செய்தியும் அதோடு நின்றது. மாமா இரண்டு மூன்று நாள் காத்துப் பார்த்தார். இவள் மகளிடம் போக மனசளவில் கிளம்பிவிட்டாள், நாயைக் கைகழுவிவிட்டாள் என்று முடிவு கட்டினார். டப்பாவை எடுத்துப் பார்த்தார். உதிரி மாத்திரை, குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. மத்தியானம் ரொட்டித் துண்டில் ஒளித்து அவரும் ஊட்ட ஆரம்பித்தார்.

அவள் காலையில், அவர் மத்தியானத்தில். இரண்டு பேரும் ஒரு நாள் தவறவில்லை. அவ்வளவு ஒழுங்கு.

மாடி ஏறி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு துண்டுத்தாளில் எழுதி டப்பா மேல் வைத்திருக்கலாம். இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு உயிரை வளர்க்கிறவர்களுக்கு வீம்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

பொட்டலம் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. வாந்தி எடுத்தது. நோய் முற்றிவிட்டது என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்தார்கள். பயந்து, இன்னும் கவனமாக மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட மறுத்த நாயின் வாயைத் திறந்து, தொண்டையைத் தடவி உள்ளே இறக்கினார்கள். அதுவும் இவர்கள் கை என்று நம்பி விழுங்கியது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா மாடிப்படியில் நின்று என்னைக் கத்திக் கூப்பிட்டாள். இறங்கி ஓடினேன். நாய் பின்னங்கால் இழுத்துக்கொண்டு தரையில் கிடந்தது. மாமா ஆட்டோ கொண்டுவந்தார். அக்கா மடியில் கிடத்திக்கொண்டாள். மாமா ஓட்டுநர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு டப்பாவை வாங்கித் திறந்தாள். அவள் புருவம் சுருங்கியது.

“இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீந்துச்சு? யாரு மாத்திரை குடுத்தது?”

“நான்தான்” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்டு வருஷத்துக்கு அப்புறம் முழுசாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு முதலில் புரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. டப்பாவை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. ஊசி போட்டாள், மருந்து ஏற்றினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாமா குழி வெட்டினார். அக்கா அதன் உடம்பைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, ஓரங்களை மடித்துக் கொடுத்தாள். கைக்குக் கை மாறும்போதுகூட ஒரு சொல் இல்லை. இதற்காகவாவது கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் கேட்டது பாத்திரச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தான். சிலிண்டர் தீர்ந்தபோது அக்கா மாடிக்கு வந்து என் அடுப்பில் சமைத்துக்கொண்டு போனாள். மகள் போன் மேல் போன் செய்தாள். அக்கா எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் மாமா மெதுவாக மாடி ஏறி வந்தார். சீருடையைக்கூடக் கழற்றவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சின்னவளே, உங்கக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நீங்களே சொல்லுங்க மாமா. நான் என்ன உங்க வீட்டு நாயா?”

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “வேற யாரும் இல்லையேம்மா” என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

நான் கீழே இறங்கினேன். அவர் என் பின்னாலேயே வந்தார். அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“அக்கா, உன்னைப் பொண்ணுகிட்ட போயிட்டு வரச் சொல்றாரு. அன்னிக்கும் உன்னைத் துரத்தறதுக்காகச் சொல்லலையாம். நீ போகணும்னு ஆசைப்பட்டது அவருக்குத் தெரிஞ்சுதாம். அதனாலதான் சொன்னாராம்.”

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“வீட்ல இருந்த ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்னவ நான். என் கையில அந்தப் பச்சக் கொழந்தையைக் குடுக்கச் சொல்றாரான்னு கேளு” என்றாள்.

மாமா எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. இருந்தும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். சொன்னேன்.