அணைக்கு வந்த ஃபோர் ஸ்ட்ரோக்

ராணுவத்தில் இருந்தபோது சிவனணைந்தபெருமாள் அசாம் வெள்ளங்களில் மோட்டார் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்று ராயகிரிக்குத் திரும்பியவருக்கு விவசாயத்தில் மனம் ஒட்டவில்லை. செங்கோட்டைப் பக்கம் ஓர் அணையில் மீன்பிடிக் குத்தகை எடுத்து, மனைவி குருவம்மாளுடன் அணையோரமே வாடகைக்குக் குடிவந்தார். படகும் மோட்டாரும் அவர் பாடு. வலை விடுவதும் இழுப்பதும் குருவம்மாள். வயல்காட்டில் வளர்ந்தவள், ஒரே சாரல் பருவத்தில் வலையைப் பழகிக்கொண்டாள்.

முதலில் வாங்கியது டூ ஸ்ட்ரோக் மோட்டார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். நீலப் புகையும் காதைப் பிளக்கும் சத்தமும். பெருமாளுக்கு ஏற்கெனவே காது மந்தம் என்பதால் படகில் இருவரும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் தண்ணீருக்கடியில் நின்ற பட்ட மரமொன்றில் வலை மாட்டியது. வலைக்கயிறு குருவம்மாளின் விரலைச் சுற்றிக்கொண்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். அவர் கரையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். இடது மோதிர விரலில் பாதி போயிற்று. தென்காசி ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் கயிறு அறுத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

இந்த வருஷம் மோட்டாரில் சிலிண்டர் தேய்ந்துபோனது. இனி இதற்குச் செலவழிப்பது வீண் என்றார் தென்காசி மெக்கானிக் இத்ரீஸ். புதிதும் டூ ஸ்ட்ரோக்தான் என்பதில் பெருமாள் உறுதியாக இருந்தார். எடை குறைவு, தோளில் வைத்துத் தனியாளாகக் கரையேற்றலாம். கெட்டால் இத்ரீஸே பிரித்து மாட்டிவிடுவார். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குருவம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. கடைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

தூத்துக்குடியில் கடைக்காரரிடம் ஃபோர் ஸ்ட்ரோக்கை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அவள்தான். கடைப் படகொன்றில் மாட்டிக் கொடுத்தார்கள். பெருமாள் ஓட்ட, அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பழைய மோட்டாரின் சத்தத்தில் பாதிகூட இல்லை. கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே சொன்னாள்.

“நிறுத்துங்க.”

உடனே நிறுத்தினார். என்னவென்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்.”

படகு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னியா?”

“கத்துனேன். நாலஞ்சு தடவ.”

அவர் படகைத் திருப்பினார். கரைக்கு வந்ததும் ஃபோர் ஸ்ட்ரோக்கையே வாங்குவதாகச் சொல்லிவிட்டார்.

அதன் எடைக்குப் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. குருவம்மாள் ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்தினாள். திருட்டுக்குப் பயந்து தினமும் மோட்டாரைக் கழற்றி இருவருமாக வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். முதல் வாரமே அவர் அதைத் தப்பான பக்கம் சாய்த்துப் படுக்க வைத்ததில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் ஒரே புகை. படகில் இப்போது பேச்சு உண்டு, பெரும்பாலும் அவர் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி.

பக்கத்து அணையைக் குத்தகைக்கு எடுத்த பிச்சையா, எந்த மோட்டார் வாங்கலாம் என்று யோசனை கேட்டு வந்தார். எடை, ரிப்பேர் எல்லாம் பார்த்தால் டூ ஸ்ட்ரோக்தான் நல்லது என்றார் பெருமாள். பிறகு அவரே கேட்டார்:

“படகுல தனியா போவீரா, கூட ஆளு உண்டுமா?”