நாலாவது கோச்

“அத்தா, கோச் போயாச்சு” என்றாள் என் மகள் ஷமீனா, சாயாவை உறிஞ்சியபடி. கரன்ட் போயாச்சு என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

எனக்குத்தான் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரியே ஒருமுறை ஆடி நின்றது. எதற்கெடுத்தாலும் பீதியடைவது என் பழக்கம்.

ஷமீனா எர்ணாகுளத்தில் காலேஜ் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். இரண்டு வருஷத்தில் இப்படிப் போகும் மூன்றாவது கோச் இவர். எல்லாமே ஒரு சீசன் கான்ட்ராக்ட். நல்ல கிளப் கூப்பிட்டால் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவரோ முதல் நாளே எல்லோருக்கும் மறுபடி ட்ரையல் வைப்பார். இந்த வருஷம் ஆறடி உயரத்தில் ஒரு பெண் வேறு சேர்ந்திருக்கிறாளாம்... மகளின் இடம் என்ன ஆவது?

அவள் நிம்மதியாகச் சாயாவைக் குடித்து முடித்தாள். நான் ட்ரையல் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ட்ரையல் அன்று எங்கள் கடை ஏலக்காயில் ஒரு பொட்டலம் கட்டினேன். மட்டாஞ்சேரி வியாபாரிக்கு வேறென்ன தெரியும்? சாம்பிள் கொடுத்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

“மாப்பிள்ளை பார்க்கவா போறீங்க?” என்றாள் மனைவி.

கிரவுண்டில் புது கோச் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

“சார், போன கோச்சுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க வந்தது எங்க பாக்கியம்.”

அவர் பம்பை நிறுத்தவில்லை. “சேட்டா, அவனுக்குக் கோச்சிங் படிப்பிச்சது நானாக்கும்.”

முடிந்தது. ஆறடிப் பெண் எதற்கு? மகளின் இடத்தைக் காலி செய்ய நான் ஒருவன் போதும்.

அவர் வாங்காத பொட்டலத்தோடு வேலிக்குப் பின்னால் பதுங்கினேன். ட்ரையல் நடந்தது. ஷமீனா ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தாள். அடுத்ததற்கு அசையாமல் நின்று, கடைசி நொடியில் கையை நீட்டினாள். மூன்றாவது வருவதற்குள் டிஃபென்டர்களைக் கத்தியே இடம் மாற்றினாள்.

“இதெல்லாம் யார் சொல்லித் தந்தது?” என்றார் கோச்.

“பாய்றது முதல் சார். அவசரப்படாம நிக்கிறது ரெண்டாவது சார். கத்துறது போன சார்.”

அடடா... மூன்று பேர் போனதைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் மூன்று பேரிடமும் வாங்கி வைத்திருக்கிறாள். போகிறவர்கள் கற்றுக்கொடுத்ததைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டா போகிறார்கள்?

கோச் சிரித்தார். “அப்போ எனக்கு என்ன வேலை பாக்கி?”

“எங்க அத்தாவை கிரவுண்ட் கேட்டுக்கு வெளியே நிறுத்தணும் சார்.”

கோல்கீப்பரின் ஒன்றாம் நம்பர் ஜெர்சி அவளுக்கே. எனக்கு கேட்டுக்கு வெளியே நிரந்தர இடம் — எத்தனை கோச் மாறினாலும் இது மட்டும் மாறாதாம்.